சீட்டில் மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு

வணக்கம் நேயர்களே. சீனர் கோயில்களில் மூங்கில் குச்சியைக் குலுக்கிக் குறி கேட்கிறார்களே, அதில் கிடைக்கும் சீட்டை எப்படிப் படிப்பது என்று என்னைப் பேசச் சொன்னார்கள். சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு இது ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயிலையும் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சடசடச் சத்தத்தையும் கேட்டிருப்பீர்கள். கிருஷ்ணன் கோயில் 1870-இல் வந்தது, குவான் இம் கோயில் 1884-இல். அங்கே கும்பிட்ட கையோடு சீனர்கள் இங்கே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவது அந்தத் தெருவில் அன்றாடம் நடப்பதுதான்.

முறை ரொம்ப எளிது. மண்டியிட்டு உட்கார்ந்து, மனதுக்குள் நீங்கள் யார் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அப்புறம் நூறு எண்ணிட்ட குச்சிகள் இருக்கும் மூங்கில் குடுவையைச் சாய்த்துக் குலுக்க வேண்டும், ஒரு குச்சி மட்டும் தனியாக வெளியே விழும்வரை. இரண்டு விழுந்தால் கணக்கில் வராது, மறுபடியும் குலுக்க வேண்டும். விழுந்த எண் உங்களுக்கு உரியதுதானா என்று தெய்வத்திடம் உறுதி செய்துகொள்ளப் பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள் இருக்கின்றன, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தரையில் போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழ வேண்டும், அதுதான் சம்மதம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது என்பார்கள், கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டு வா என்று அர்த்தம். இரண்டும் உருண்டைப் பக்கம் காட்டினால் இல்லை. தைவானில் பல கோயில்களில் சம்மதம் மூன்று முறை தொடர்ந்து விழுந்தால்தான் சீட்டை எடுக்க விடுவார்கள்.

சரி, அந்த எண்ணுக்குரிய சீட்டு கைக்கு வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மேலே எண், அதற்குப் பக்கத்தில் மேல், நடு, கீழ் என்று ஒரு தரம். அதைப் பார்த்ததும் ஒருவர் முகம் மலர்கிறது, இன்னொருவர் முகம் தொங்கிப் போகிறது, சீட்டு பைக்குள் போய்விடுகிறது. கீழே நான்கு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது, அதோடு பழைய சீனக் கதை ஒன்றின் பெயர் இருக்கிறது, அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தரத்தை அச்சடிக்காமலே விட்டிருக்கலாம்.

குவான் இம் சீட்டுத் தொகுப்பின் முதல் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலான சீட்டு. வானமும் பூமியும் திறந்து நல்ல தொடர்பு கூடுகிறது, நாளும் நல்ல நாள், நேரமும் நல்ல நேரம், இந்தச் சீட்டு கிடைப்பது சாதாரணம் இல்லை என்று மூன்று வரிகள் போகின்றன. நாலாவது வரியில் ஒரு கொக்கி. கோணாமல் நடக்கிறவனை மன்னனே கூப்பிட்டனுப்புவான் என்கிறது. அதாவது மன்னன் கூப்பிடுவது சும்மா இல்லை, முதலில் நீ நேராக நடக்க வேண்டும். அந்தச் சீட்டுக்குரிய கதை யாருடையது தெரியுமா? சீனர்கள் கும்பிடும் எட்டுச் சித்தர்களில் ஒருவரான ஜோங்லி சுவானுடையது. அவர் போரில் தோற்றுப்போன தளபதி. படையை இழந்து மலைக்காட்டுக்குள் ஓடி, அங்கே ஒரு பெரியவரிடம் பாடம் கேட்டுத்தான் சித்தரானார். ஆகச் சிறந்த சீட்டில் தோற்ற ஆளின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

இரண்டாம் சீட்டு எனக்குப் பிடித்தது. இன்னும் உருமாறாத பெரிய மீன் ஆற்றிலேயே இருக்கட்டும், மேலே ஏறப் பார்க்க வேண்டாம், காலம் வரும்போது ஒரே தாவில் டிராகன் வாசலைத் தாண்டிவிடும் என்பது பாட்டின் சாரம். அந்த வாசலைத் தாண்டும் மீன் டிராகனாகிவிடும் என்பது சீனர் கதை. கதை சு சின் என்பவருடையது. பழைய சீன நாடுகளில் ஒன்றான சின் நாட்டின் மன்னனிடம் போய்த் தன் யோசனைகளைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை, கைக்காசு கரைந்து கந்தலோடு வீட்டுக்கு வந்தார். மனைவி தறியை விட்டு எழுந்திரிக்கவில்லை, அண்ணி சோறு பொங்கவில்லை, அப்பா அம்மா பேச்சுக் கொடுக்கவில்லை. அப்புறம் அவர் இரவெல்லாம் படித்தார், தூக்கம் வந்தால் தொடையில் ஊசியால் குத்திக்கொண்டு படித்தாராம், கடைசியில் ஆறு நாடுகளுக்கு ஒரே நேரத்தில் அமைச்சராக இருந்தார்.

இப்போது இதே சீட்டு மூன்று பேருக்கு விழுகிறது என்று வையுங்கள். வேலையை விடலாமா என்று கேட்டவருக்கு, இப்போது விடாதே, ஆனால் சும்மாவும் இருக்காதே, படி என்கிறது. கடன் வாங்கிக் கடை திறக்கலாமா என்றவருக்கு, மன்னனிடம் அவசரப்பட்டுப் போனவரின் பை காலியானதை ஞாபகப்படுத்துகிறது. மூன்றாமவர் தன் மகன் பரீட்சையில் தவறிவிட்டான் என்று வந்த அம்மா. அவருக்கு அந்தக் கதையில் சு சின் முக்கியமே இல்லை, சோறு பொங்காத அண்ணிதான் முக்கியம். வீட்டில் நீங்கள் அவனை எப்படி நடத்துகிறீர்கள் என்று சீட்டு அவரையே திருப்பிக் கேட்கிறது. நல்ல குறிகாரர் இதை விடமாட்டார். ஹாங்காங்கில் வோங் தாய் சின் கோயிலைச் சுற்றி வரிசையாகக் குறிகாரர் கடைகள் இருக்கின்றன, விஷயம் தெரிந்தவர் எண்ணை வாங்கிக்கொண்டதும் என்ன கேட்டீர்கள் என்றுதான் ஆரம்பிப்பார். கேள்வி தெரியாமல் பலன் சொல்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பழைய அச்சுச் சீட்டுகளில் பாட்டுக்குக் கீழே ஒரு பட்டியலும் இருக்கும். வீடு, வரவு, வியாபாரம், கல்யாணம், பிரசவம், ஊருக்குப் போனவர், காணாமல் போன பொருள், வழக்கு, நோய், மூதாதையர் கல்லறை, அப்புறம் பட்டுப்புழு வளர்ப்பு, ஆடுமாடு. பதினாலாவது மாடியில் இருக்கிறவர் பட்டுப்புழுவுக்கு என்ன செய்வார்! அதை விட்டுவிடலாம். வழக்கு என்ற இடத்தை மட்டும் விடாதீர்கள், பல சீட்டுகளில் அங்கே சமாதானமாகப் போ என்றுதான் இருக்கும்.

பிடிக்காத சீட்டு வந்ததும் அதே கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடியும் குலுக்குகிறவர்கள் உண்டு. இதற்கு யி சிங் என்ற பழைய சீனக் குறிநூலிலேயே பதில் இருக்கிறது. நாலாவது குறி, இளமையின் அறியாமையைப் பற்றியது. முதல் முறை கேட்டால் சொல்கிறேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமரியாதை, அப்போது சொல்லமாட்டேன் என்கிறது.

இதை ஓர் ஊரே சேர்ந்து செய்வதைப் பார்க்க ஹாங்காங்கின் ஷா டின் பகுதிக்குப் போக வேண்டும். சொங் வம்சத்துத் தளபதி சே குங்குக்கு அங்கே ஒரு கோயில், கொள்ளைநோயை விரட்டியவர் என்பது நம்பிக்கை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் ஹாங்காங் முழுவதற்கும் சேர்த்து ஒரு குச்சி எடுப்பார்கள். 2003-இல் அப்போதைய உள்துறைச் செயலாளர் பேட்ரிக் ஹோ எடுத்தது 83-ஆம் எண், கீழான சீட்டு, பாய் விரித்துப் போகும் படகைப் பாதி வழியில் அலை அடிக்கிறது என்று பாட்டு. சில வாரங்களில் சார்ஸ் வந்தது, 1,755 பேருக்குத் தொற்றி 299 பேர் போனார்கள். அதற்குப் பிறகு அரசாங்கத்தார் குச்சி எடுப்பதை விட்டுவிட்டார்கள், கிராமத்தார் அமைப்பின் தலைவர் எடுக்கிறார். சீட்டு பலித்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, அலை அடிக்கும் என்ற பாட்டு எந்த வருடத்துக்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால், சீட்டு என்றால் 2009-இல் வந்த 27-ஆம் எண்தான். அதுவும் கீழானது. வெளியே இருக்கும் கெட்டவர்களுக்குக் காவல் போட்டுப் பயன் இல்லை, கண்ணெதிரே நிற்கும் சேவகர்களே பேய்கள், சின் மன்னன் நெடுஞ்சுவர் கட்டியது வீண், கேடு வருவதும் போவதும் அவரவர் அழைப்பதால்தான் என்கிறது. உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம், பழியை வெளியே போட எல்லோருக்கும் வசதியாக இருந்த நேரம். அப்போது இது வந்ததும், யார் அந்த மன்னன், யார் அந்தச் சேவகர்கள் என்று ஊரே விவாதித்தது. சீட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியாது.

நெடுஞ்சுவர் கட்டிய அந்த சின் மன்னனுக்கும் ஒரு குறி வந்தது தெரியுமா? கி.மு. 215-இல் ஒரு மந்திரவாதி எழுத்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான், சின் நாட்டை அழிப்பது ஹூ என்று அதில் இருந்தது. வடக்கே இருந்த நாடோடிகளுக்கும் ஹூ என்றுதான் பெயர். மன்னன் உடனே மூன்று லட்சம் பேரைப் படையெடுக்க அனுப்பினான், சுவரும் நீண்டது. அவன் செத்ததும் பட்டத்துக்கு வந்த இளைய மகன் ஆட்சியில் மூன்று வருடங்களில் எல்லாம் நொறுங்கியது. அந்த மகன் பெயர் ஹூஹாய்.

நன்றி, வணக்கம்.