ஹார்னெஸ் போட்டிருந்தும் தரையில் விழலாம்

வணக்கம். சிங்கப்பூர் தேக்கா மீன் கடையைக் காட்டச் சொன்னவர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று என் கையில் இருப்பது ஹார்னெஸ், உயரத்தில் வேலை செய்யும்போது உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார். தோள் வார், தொடை வார், நெஞ்சுக் கொக்கி எல்லாம் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நான் பேச வந்தது தரைவீட்டு வேலைகளைப் பற்றி. பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மூன்று மாடி எழுப்புகிற சின்ன வேலையிடங்கள். அங்கே இதை மாட்டிக்கொண்டால் போதும், விழுந்தாலும் தொங்கிக்கொள்ளலாம் என்று தம்பிகள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கைதான் பயமாக இருக்கிறது.

கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். ஹார்னெஸின் முதுகு வளையத்தில் ஒரு முனை, கம்பியில் மாட்டும் கொக்கியில் மறுமுனை என்று இருக்கிற இந்தக் கயிறு 2 மீட்டர். இந்த முனையில் தடிமனாக ஒரு பை தெரிகிறதா? உள்ளே நாடாவை மடித்து மடித்துத் தைத்திருக்கிறார்கள். ஆள் விழும்போது தையல் வரிசையாகப் பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிரியும்போது நாடா நீளவும் செய்யும், 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர். கால் தரையில் படாமலிருக்க இன்னும் 1 மீட்டர் சேர்ப்பார்கள். கூட்டுங்கள்: 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு உயரம் காலியாக இருக்க வேண்டும்.

இப்போது தரைத்தளத்துக்கு மேல் உள்ள முதல் தளத்தின் விளிம்பில் நிற்கிறீர்கள். கொக்கி காலடிக் கம்பியில். கீழே மூன்று, மூன்றரை மீட்டர்தான். பை முழுதாகப் பிரிவதற்குள் தரை வந்துவிடும். கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் குறையும், உண்மைதான். ஆனால் கூரையே போடாத தளத்தில் தலைக்கு மேலே வானம்தானே இருக்கிறது!

அதனால் அந்த உயரத்தில் முதலில் கேட்க வேண்டியது தடுப்புக் கம்பி. 2013ல் வந்த உயர வேலை விதிகளின்படி, 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த விளிம்பில் தடுப்பு இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேல் என்றால் பெர்மிட், அதாவது அந்த உயர வேலைக்கான எழுத்து அனுமதி, இல்லாமல் ஏறக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பெரிய அடுக்குமாடி வேலையிடங்களில் இதைப் பார்க்கத் தனி ஆள் இருப்பார். நாலைந்து பேர் வேலை செய்யும் தரைவீட்டில் மேற்பார்வையாளரே சிமெண்டுக்கும் போன் செய்வார், பெர்மிட்டிலும் கையெழுத்துப் போடுவார். கம்பி கட்டியிருந்தாலும் செங்கல் ஏற்றுவதற்கென்று கழற்றுவார்கள். ஏற்றி முடிக்கும்போது தேநீர் வந்துவிடும். சாயங்காலம் வரை அந்தக் கம்பி சுவரில் சாய்ந்தே நிற்கும். கழற்றியவரே மாட்ட வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள். பொதுவாகச் சொன்னால் யாரும் மாட்டமாட்டார்கள்.

இன்னொன்று, தளத்தில் குழாய்க்காக விடுகிற ஓட்டை. மேலே பிளைவுட் போட்டு மூடியிருப்பார்கள். சும்மா கிடக்கிற பலகை என்று இரண்டு பேர் தூக்குவார்கள். முன்னால் போகிறவர் தப்பித்துவிடுவார். பின்னால் வருகிறவருக்குப் பலகைதான் கண்ணை மறைக்கிறது, இரண்டு அடி வைத்தால் ஓட்டைக்குள்ளே இருப்பார். பலகையை ஆணியடித்து இறுக்குங்கள். மேலே சிவப்புப் பெயிண்டில் ‘ஓட்டை’ என்று தமிழிலும் வங்காளத்திலும் எழுதுங்கள்.

ஒருவர் விழுந்து தொங்குகிறார் என்றால், பிழைத்தார் என்று கீழே நின்று வீடியோ எடுக்காதீர்கள். தொடை வார் ரத்த ஓட்டத்தை நெரிக்கும், சில நிமிடங்களிலேயே மயங்கிவிடலாம். எந்த ஏணியில் யார் போய் இறக்குவது என்பது ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

சொல்லியும் கேட்காத இடம் என்றால் படம் எடுத்து, மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் என்ற புகார்ச் சேவை வழியாக அனுப்பலாம். உங்கள் வேலையிடத்தில் கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் ஏணி.