கேஸ் மாறிவிட்டது, கைப்பழக்கம் மாறவில்லை

வணக்கம் நேயர்களே. செப்டம்பர் 16 உலக ஓசோன் நாள். அதற்காக, ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுக்கிற என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓசோன் படலத்தைப் பற்றிச் சொல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், நான் ஸ்பேனர் பிடிக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

நம்மூரில் நிறையப் பேர் இந்தத் தொழிலை ஐடிஐயில் கற்பதில்லை. பத்தாவது முடித்த பையன் ஒரு அண்ணனோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவான், ஏணி பிடிப்பான், இன்டோர் யூனிட்டைக் கழுவுவான், நாலு வருஷத்தில் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்துவிடுவான். கேஸின் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜை வைத்து அண்ணன் சொல்லிக் கொடுத்தது "ஓடும்போது கேஜில் அறுபது, அறுபத்தஞ்சு காட்டினால் போதும்டா" என்பது. ஏசிக்குள் சுற்றி வந்து குளிர்விக்கிற பழைய ஆர் 22 கேஸுக்கு அது ஓரளவு சரிதான். அதே பையன் இன்று ஆர் 32 என்ற புது கேஸ் போட்ட இன்வெர்ட்டர் ஏசி முன்னால் நிற்கிறான், கேஜ் நூறைத் தாண்டி நிற்கிறது, கேஸ் அதிகமா குறைவா என்று அவன் எதை வைத்துச் சொல்வான்?

சட்டம் மாறிக்கொண்டே வருவது ஒரு பக்கம். ஓசோனை அரிக்கிற பழைய ஆர் 12 வகைக் கேஸ்களுக்கு 2010 தொடக்கத்திலேயே நம் நாட்டில் கதவைச் சாத்தியாகிவிட்டது. ஆர் 22 போட்டுப் புது மெஷின் செய்வது 2024 கடைசியோடு முடிந்தது, ஏற்கெனவே ஓடுகிற மெஷின்களின் சர்வீஸுக்கும் 2030 வரைதான் பெரிய அளவில் கிடைக்கும். அதற்கு மாற்றாக வந்த ஆர் 410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அதனால் 2016 இல் ருவாண்டா நாட்டுக் கிகாலியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியா 2021 இல் ஏற்றுக்கொண்டது. 2028 இல் இந்த வகைக் கேஸ்களுக்கு உச்சவரம்பு வருகிறது, 2032 இலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆர் 32 இல் அந்தக் கணக்கு 675 தான், ஆர் 290 இல் வெறும் மூன்று. ஆர் 290 என்றால் வேறொன்றுமில்லை, சுத்தமான புரொப்பேன். எரியும்!

இங்கேதான் எனக்குக் கவலை. வீட்டு ஃபிரிட்ஜ்களில் இப்போது அதிகம் வருவது ஆர் 600ஏ, அதுவும் எரிகிற கேஸ். மொத்தமே ஐம்பது கிராம் அளவில்தான் இருக்கும், ஐந்து கிராம் கூடக்குறையப் போனாலே பத்து சதவீதம் தப்பு, தராசு இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும்போதே இதன் சக்‌ஷன் பக்கம், அதாவது கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சுகிற பக்கம், கேஜ் வாக்குவத்தில், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே நிற்கும். பழைய கைப்பழக்கத்தில் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு "கேஸ் இல்லை" என்று இன்னும் ஏற்றுவார். அந்தப் பக்கம் லீக் இருந்தாலோ கேஸ் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அப்புறம், கம்ப்ரஸர் மாற்ற வேண்டுமென்றால் டார்ச்சைப் பற்றவைத்துப் பழைய ஜாயின்டை உருக்கித்தானே கழற்றுவோம்? கேஸை வெளியே விட்ட பிறகும் கம்ப்ரஸர் ஆயிலில் கொஞ்சம் கரைந்து நிற்கும் தம்பி, அங்கே தீயைக் காட்டாதே. ஜன்னலைத் திற, டியூப் கட்டரால் வெட்டு.

இன்வெர்ட்டர் ஏசியில் தொல்லை வேறு மாதிரி. நைட்ரஜனை உள்ளே மெல்ல ஓட விடாமல் பிரேஸிங் செய்தால், அதாவது டார்ச்சால் குழாய்களை ஒட்டினால், செம்புக் குழாயின் உட்புறம் கருப்பாகப் பொருக்கு படியும். பழைய மெஷின் அதைப் பொறுத்துக்கொண்டது, கேஸ் ஓடும் அளவைக் கட்டுப்படுத்துகிற இன்றைய எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்துக்கொள்ளும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி லீக் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிலும் அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், உயிரே போகும், இதில் சமரசமே கிடையாது.

சரி, பயிற்சி கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். 2019 இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்றே எழுதியிருந்தார்கள். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் வகுப்பு வைத்தால் எவன் வருவான்? அவன் வருஷச் சம்பாத்தியமே அந்த இரண்டு மாதம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் போன் அடிக்காமல் உட்கார்ந்திருப்பான், அப்போது கூப்பிடுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள். வந்தவனை உட்கார வைத்து அரை நாள் ஆங்கில ஸ்லைடு ஓட்டாதீர்கள். கையில் தராசையும், குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் பம்ப்பையும் கொடுத்துத் தமிழில் சொன்னால் மதியத்துக்குள் பிடித்துக்கொள்வான், கற்பூர புத்திக்காரர்கள் இவர்கள். அமெரிக்காவில் சான்று இல்லாதவருக்குக் கடைக்காரர் ஆர் 22, ஆர் 410ஏ, ஆர் 32 போன்ற கேஸ்களை விற்கவே கூடாது. இங்கே அதை நாளைக்கே கொண்டுவந்தால் பாதிப் பேர் பிழைப்பு போகும், அதனால் முதலில் பயிற்சி, பிறகு சான்று, கடைசியில்தான் கட்டாயம் என்பது என் கருத்து.

வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மெக்கானிக் வாக்குவம் பம்ப் போடாமல் கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடித்துக்கொள்கிறார் என்றால், பாதிக் காரணம் "சீக்கிரம் முடிங்க" என்று பக்கத்தில் நிற்கிற நாம்தான். அடுத்த தடவை கூப்பிடும்போது, அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அதிலேயே இருக்கும், அதற்கேற்ற சிலிண்டரும் தராசும் எடுத்துக்கொண்டு வருவார். பம்ப் அரை மணி நேரம் ஓட வேண்டும் என்றால் ஓடட்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.