செஸ் ஆடும் கம்ப்யூட்டருக்கு எதற்குப் பயணம்?

நேயர்களுக்கு வணக்கம்.

செஸ் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்தான் ஞாபகம் வரும். புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அது மனிதர்கள் ஆடிய போட்டி. செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் தனியாக உலகப் போட்டி உண்டு. 1974-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கி, 2024-இல் ஸ்பெயினில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரத்தோடு முடிந்தது. இப்போது இந்தப் போட்டியெல்லாம் அநேகமாக நெட்டில்தான்.

கடலூரில் என்னிடம் புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், கம்ப்யூட்டர் ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு விமான டிக்கெட்?" நியாயமான கேள்வி. சொல்லப்போனால், நேரடிப் போட்டி என்ற அந்தப் போட்டிக்குக்கூட இயந்திரம் பல சமயம் வந்ததே இல்லை. 1974-இல் ஜெயித்த கைசா என்ற சோவியத் புரோகிராம் ஓடியது மாஸ்கோவில். அது யோசித்த நகர்த்தல் ஸ்டாக்ஹோமுக்குப் போனில் வந்தது. 2015-இல் நெதர்லாந்தின் லைடனில் ஜெயித்த ஜானி என்ற புரோகிராம், ஜெர்மனியில் பைராய்ட் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் 2400 கோர்களை, அதாவது கணக்குப் போடும் பகுதிகளை, வைத்துக்கொண்டு யோசித்தது. அவ்வளவு பெரிய இயந்திரத்தை யார் தூக்கிக்கொண்டு வருவது?

அப்படியானால் போட்டி அறையில் யார் இருந்தார்கள்? ஆபரேட்டர் என்ற ஒரு மனிதர். பெரும்பாலும் புரோகிராமை எழுதியவரே. எதிராளி நகர்த்தியதைக் கீபோர்டில் தட்டுவார், திரையில் வரும் பதிலைப் பலகையில் நகர்த்துவார், கடிகாரத்தை அமுக்குவார். சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது. கேட்பதற்குச் சுலபமான வேலைதான். ஆனால் 2003-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

ஷ்ரெட்டர் என்ற புரோகிராமும் ஜானியும் மோதுகின்றன. ஷ்ரெட்டர் ஜெயிக்கிற நிலையில் இருக்கிறது. ஆனால் அதில் ஏதோ ஒரு பிழை. ஒரே நிலை மூன்றாவது தடவை பலகையில் வந்துவிடுகிறது. விதிப்படி ஜானி டிரா கேட்கலாம். அதன் திரையிலும் மூன்று தடவை ஆகிவிட்டது என்று செய்தி வருகிறது. ஆபரேட்டர் அதை வெறும் தகவல் என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜானி தோற்றது. ஷ்ரெட்டர் அந்த முழுப் புள்ளியின் தயவில் ஃபிரிட்ஸ் என்ற இன்னொரு புரோகிராமோடு சமநிலைக்கு வந்து, பிளே ஆஃபில் உலகப் பட்டத்தையும் வாங்கிவிட்டது. பிறகு எவ்வளவோ வாக்குவாதம், முடிவு மாறவில்லை.

நெட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. யூசிஐ, வின்போர்டு என்ற நெறிமுறைகளின்படி, நடுவில் இருக்கும் ஒரு மென்பொருள் வழியாக இரண்டு புரோகிராமும் பேசிக்கொள்ளும். ஈ2ஈ4 (ஈ2 கட்டத்துக் காய் ஈ4-க்கு) என்று ஒரு சின்ன வரி போகும், பதில் வரி வரும், நடுவில் மனிதக் கை கிடையாது. 2010-இல் தொடங்கிய டிசிஇசி என்ற நெட் போட்டியில் எல்லாரும் போட்டியை நடத்துபவர்களின் கம்ப்யூட்டரில்தான் ஆட வேண்டும். இறுதிச் சுற்று 100 ஆட்டம். ஒரே தொடக்கத்தை இரண்டு பேரும் ஒருமுறை வெள்ளையிலும் ஒருமுறை கறுப்பிலும் ஆடுவார்கள். எந்த புரோகிராம் பலசாலி என்று தெரிய வேண்டுமானால் இதுதான் சரியான வழி. சில நாளில் முடியும் பத்துப் பதினோரு ஆட்டத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைக்கு விசாவும் வேண்டாம், ஓட்டல் செலவும் வேண்டாம் என்பது இன்னொரு லாபம்.

நெட்டுக்கும் தொல்லை உண்டு, அது நமக்குத் தெரியாததா? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! லைன் அறுந்தால் எதிராளியின் நகர்த்தல் வராது. கடிகாரம் மட்டும் ஓடும்.

ஆனாலும் நேரில் கூடுவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் செஸ் அல்ல. எதிரே உட்கார்ந்து நகர்த்துபவர்தான் அந்த புரோகிராமை எழுதியவர். ஆட்டம் முடிந்ததும் "இந்த இடத்தில் யானையை ஏன் கொடுத்தது?" என்று கேட்டால், அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். பதில் சொல்லத் திணறினால் அதுவும் ஒரு தகவல்தான்! அடுத்தவர் எழுதிய புரோகிராம் வரிகளை எடுத்தாள்வது இந்தத் துறையின் பழைய தலைவலி. 2011-இல் ரிப்கா என்ற புரோகிராமின் நான்கு உலகப் பட்டங்களையே அந்தக் காரணம் சொல்லிப் பறித்தார்கள். அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கதை.

கடலூரிலோ புதுச்சேரியிலோ கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சொந்தமாக ஒரு செஸ் புரோகிராம் எழுதினால், முதலில் நெட்டில் ஆயிரக்கணக்கில் ஆடவிட்டுப் பிழைகளைக் களையுங்கள். அப்புறம் புயல் மாதம் கழிந்து, தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடும் மரப்பலகையோடும் ஓரிடத்தில் கூடுங்கள். நானும் வருகிறேன், கடிகாரம் கொண்டுவருவது என் பொறுப்பு. திரையில் மூன்றாவது தடவை என்று வந்தால் மட்டும் தயவுசெய்து நடுவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.