வகுப்பெடுக்கப் போகும் வங்கியாளர்களுக்கு

அன்பர்களே,

பள்ளிக்கும் குடியிருப்போர் கூட்டத்துக்கும் பணப்பாடம் எடுக்கக் கிளம்பும் வங்கியாளர், சேமிப்புக் கணக்கிலிருந்து ஓய்வூதியம் வரை அத்தனையையும் ஸ்லைடில் ஏற்றிக்கொண்டு போகிறார். கேட்டவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விடுகிறது. 2014-இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் மூவரும் 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது வெறும் 0.1 சதவீதம். 2022-இல் வேறொரு குழு 76 பரிசோதனைகளைத் தொகுத்தபோது பலன் இதைவிடத் தெளிவாகவே தெரிந்தது. ஆகவே கடையைக் கட்ட வேண்டாம். ஆனால் படித்தது பயன்படும் நாள் தள்ளிப்போனால் மறந்துபோகும் என்று முதல் ஆய்வு சொன்னதை மறக்க வேண்டாம்.

ஆகவே, எதிரே இருப்பவர் அடுத்த சில மாதங்களில் எடுக்கப்போகும் முடிவு எது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அதை மட்டும் எடுங்கள். கடன் வாங்கப்போகிறவர்கள் என்றால் ஃபிளாட் வட்டி (கடன் குறைந்துகொண்டே வந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டி) போதும், முழு நேரத்துக்கும்.

பலகையில் எழுதுங்கள்: கடன் 12,000, ஃபிளாட் வட்டி 12 சதவீதம், 12 மாதம். வட்டி 1,440, மாதத் தவணை 1,120 (அசல் 1,000, வட்டி 120). இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்போது, மாதாமாதம் கையில் உண்மையில் இருக்கும் அசலை எழுதச் சொல்லுங்கள்: 12,000, 11,000, 10,000 என்று கடைசி மாதம் 1,000 வரை. சராசரி 6,500. அப்படியானால் 1,440 வட்டி எந்தத் தொகைக்கு? வகுத்தால் ஏறத்தாழ 22 சதவீதம். (கணிப்பானில் துல்லியமாகப் போட்டால் 21.5 வரும், வகுப்பில் அந்த வித்தியாசத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.) சாக்பீஸ் அவர்கள் கையில் இருக்கட்டும். நாம் போட்டுக் காட்டினால் நம் கெட்டிக்காரத்தனம் தெரியும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு கிரெடிட் கார்டு. நிலுவை 10,000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 5 சதவீதம். 500 கட்டினால் 300 வட்டிக்கே போய்விடும்; கடன் குறைவது 200. புதிதாக எதுவும் வாங்காமல், மாதாமாதம் மீதி நிலுவையில் 5 சதவீதமே ஓராண்டு கட்டினால், கையிலிருந்து போவது 5,382, கடன் குறைவது 2,153. ஒன்றுமே கட்டாவிட்டால் கடன் இரட்டிப்பாக எத்தனை வருடம்? 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் தோராயமாக வரும்; இங்கே 36-ஆல் வகுத்தால் இரண்டு. நாற்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் கூட்டு வட்டிக் கோடியைவிட, பதினேழு வயதுக்காரருக்கு இதுதான் உறைக்கிறது.

மோசடி பற்றிப் பேசினால் "ஓடிபி சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியை வாய்விட்டுப் படிக்க வையுங்கள்: எவ்வளவு, யாருக்கு, எதற்கு. அவசரப்படுத்துகிறவரிடம், "நானே வங்கிக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்கப் பழக்குங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை கார்டின் பின்புறம் பார்த்து எடுக்கட்டும்.

கணக்குத் தொடங்கும் படிவத்தை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். படிவம் வெளியே வந்த நொடியில் பாடம் விற்பனையாகிவிடும். பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். படிவம் இல்லாவிட்டால் கேட்பார்கள்; முதல் கேள்வி பெரும்பாலும், "உங்கள் வங்கியில் இது எவ்வளவு?" என்பதுதான். உங்கள் கட்டண அட்டையைக் கொடுத்து, அதே பலகையில் அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். செயலாக்கக் கட்டணத்தையும் காப்பீட்டுப் பிடித்தத்தையும் சேர்த்தே போடட்டும்.