அரசுச் சின்னத்தில் இரண்டு புலிகள், காட்டில் எத்தனை?

வணக்கம், நேயர்களே. இன்றைய காணொளியில் பயணக் காட்சிகளும் உணவகங்களும் இல்லை. மலாயாப் புலியைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அது அழிந்து வருவது செய்தியாக உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் நாம் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

உங்கள் மலேசியக் கடப்பிதழின் அட்டையைப் பாருங்கள். கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். காவல்துறையின் சின்னத்தில் புலித்தலை இருக்கிறது. மே பேங்க் கிளையின் பெயர்ப்பலகையிலும், புரோட்டோன் காரின் முகப்பிலும் புலியே இருக்கிறது. தேசியக் காற்பந்துக் குழுவுக்கு ஹரிமாவ் மலாயா, அதாவது மலாயாப் புலி என்றே பெயர். இப்படி நாள் முழுவதும் புலியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்துக்கு, உயிருள்ள புலி எங்கோ நலமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

உண்மை நிலை வேறு. 2016 முதல் 2020 வரை தீபகற்ப மலேசியாவின் காடுகளில் தானியங்கிக் கேமராக்களை வைத்து நடத்தப்பட்ட முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று கூறியது. 1950-களில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்று சொல்வதுண்டு. அது கேமரா வைத்து எண்ணிய கணக்கன்று, அக்காலத்து மதிப்பீடு. அதில் பாதியை மட்டும் நம்பினாலும், பத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. மலாயாப் புலியைத் தனி உள்ளினமாக ஆய்வாளர்கள் வகைப்படுத்தியதே 2004-இல்தான். 2015-இல் அது மிக அருகிய நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமையைத் தருவது வேறொரு எண். 2008-இல் வெளியான தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம், 2020-க்குள் காட்டுப் புலிகளின் எண்ணிக்கையை 1,000 ஆக்குவோம் என்று எழுத்தில் கொடுத்த உறுதி அது. 2010-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய 13 நாடுகள், 2022-க்குள் புலிகளை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தபோது மலேசியாவும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2020 வந்தது, போனது. 1,000 இருக்க வேண்டிய இடத்தில் 150-கூட இல்லை. ஹரிமாவ் மலாயா குழு ஓர் ஆட்டத்தில் தோற்றால், பயிற்றுநரை மாற்ற வேண்டும் என்று மறுநாள் காலையில் உணவங்காடி முழுவதும் பேச்சாக இருக்கும். அந்தக் குழுவுக்குப் பெயர் கொடுத்த விலங்கு தோற்றபோது, யாரை மாற்ற வேண்டும் என்று நாம் யாரும் கேட்கவில்லை.

புலி ஏன் குறைகிறது என்று கேட்டால், பலரும் துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரனைத்தான் நினைக்கிறார்கள். நம் காடுகளில் புலியைக் கொல்லும் முதன்மையான கருவி துப்பாக்கியன்று, கம்பிக் கண்ணி. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியைப் போன்ற ஒரு முறுக்குக் கம்பியும், வளைத்துக் கட்ட ஓர் இளமரமும் இருந்தால் போதும். விலங்குகள் நடந்து பழகிய தடத்தில் சுருக்கை வைத்து, மேலே இலைச் சருகைப் பரப்பிவிட்டால், கால் வைக்கும் எதையும் அது பிடித்துக்கொள்ளும். யார் வைத்தார்களோ அவர்கள் மறந்து போனாலும், கம்பி மறக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். காட்டுப்பன்றிக்கு வைத்ததில் புலியும், மானுக்கு வைத்ததில் கரடியும் மாட்டும். தப்பித்தாலும், கால் அழுகிய புலியால் வேட்டையாட முடியாது. 2009-இல் பேராக்கின் கெரிக் பகுதியில் கண்ணியில் சிக்கிய ஓர் ஆண் புலியை உயிரோடு மீட்டு மலாக்கா விலங்கியல் பூங்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அது இறந்துவிட்டது.

கண்ணி வைப்பவர்களில் எல்லை தாண்டி வந்து வாரக்கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்கும் கும்பல்களும் உண்டு, உள்ளூர்க்காரர்களும் உண்டு. எலும்பு, தோல், பல், நகம் என்று புலியின் ஒவ்வோர் உறுப்புக்கும் சந்தை இருக்கிறது. எலும்பையும் அதில் செய்த மருந்தையும் வாங்குபவர் வியட்நாமிலோ சீனாவிலோ இருக்கிறார் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால், தங்கத்தில் கட்டிய புலிநகப் பதக்கத்தை நம் தமிழ்க் குடும்பங்களிலேயே கழுத்தில் அணிகிறார்கள். தாத்தா வைத்திருந்தது என்பார்கள், குழந்தைக்குப் பயம் வராது என்பார்கள். விற்பனைக்கு வருபவற்றுள் மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலிகளும் உண்டு என்பது உண்மை. ஆனால், போலியை ஆசையோடு வாங்குகிறவர் உள்ளவரை, உண்மையான நகத்துக்கும் விலை குறையப் போவதில்லை. அது மரபு, அதைப் பற்றிப் பேசாதே என்று யாராவது என்மீது கோபப்பட்டால், நான் அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன், பேச்சை நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

இரை இல்லாத காட்டில் புலி இல்லை. வளர்ந்த புலி ஒன்றுக்கு வாரத்துக்கு ஒரு பெரிய விலங்காவது வேண்டும். மழைக்காட்டில் தரையில் புல் குறைவு, அதனால் மான்களும் இயல்பிலேயே குறைவு. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் 1998-இல் தொடங்கி நடந்த கேமரா ஆய்வில், 100 சதுர கிலோமீட்டருக்கு இரண்டு புலிகள்கூட இருக்கவில்லை. இந்தியாவின் நாகரஹொளே போன்ற காடுகளில் அதே பரப்பில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் வாழ்கின்றன. ஏற்கெனவே இப்படி மெலிந்திருந்த உணவிலிருந்து கடமானை நாம் வேட்டையாடித் தீர்த்தோம். மிளகு போட்டு வதக்கிய ரூசா இறைச்சியைத் தட்டில் வைக்கும்போது, அது பண்ணை மானா காட்டு மானா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பிறகு 2021-இன் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்குள் வந்தது. காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. கடமான் போன பிறகு புலி நம்பியிருந்த உணவு அதுதான்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் கிளந்தானின் குவா மூசாங் பகுதியில் பூர்வகுடியினரும் தோட்டத் தொழிலாளர்களும் புலி தாக்கி உயிரிழந்தார்கள். அந்தக் குடும்பங்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருள் பிரியுமுன் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவது என்றால் என்ன என்பதை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். புலியைப் பாதுகாக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து பேசும் என்னைப் போன்றவர்கள், அந்த மக்களுக்குப் பாதுகாப்பும் இழப்பீடும் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், புலி செத்தால் நல்லது என்று அவர்கள் நினைப்பதைத் தவறு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். நேயர்கள் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் எல்லா முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. நம் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. புலியைக் காப்போம் என்று புத்ராஜெயாவிலுள்ள மத்திய அரசு உறுதி கூறலாம், சட்டத்தைக் கடுமையாக்கலாம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 15 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. ஆனால், புலி நடக்கும் மண்ணில் மரம் வெட்ட உரிமம் தருவது மாநிலம். மரத்தால் மாநிலத்துக்கு வருமானம் உண்டு, நிற்கும் காட்டால் அவ்வளவு இல்லை. இந்தக் குறையை ஈடுகட்ட மத்திய அரசு 2019 முதல் காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குப் பணம் வழங்குகிறது; அது நல்ல தொடக்கம், ஆனால் மரத்தின் வருமானத்தோடு போட்டியிடும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை என்பது என் கருத்து.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் இருக்கிறது. நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் இயற்கை மரங்களை வெட்டிவிட்டு, பலகைக்கும் பாலுக்கும் உதவும் ரப்பர் மரத்தை வரிசையாக நட்டால், அதற்கு 'லாடாங் ஹுத்தான்', அதாவது காட்டுத் தோட்டம் என்று பெயர். ஏட்டில் அது தொடர்ந்து காடாகவே கணக்கிடப்படும். வரைபடத்தில் பச்சை குறையாது, வரைபடத்தைப் பார்க்கும் நமக்கும் கவலை வராது. பால்மரக் காட்டில் வளர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், அந்த மரவரிசைகளில் கடமான் குடும்பம் நடத்துமா என்று சொல்லிவிடுவார்கள்.

நமக்குப் புலிமீது அக்கறையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2016 பிப்ரவரியில் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் வாகனம் மோதிச் செத்த பெண் புலியின் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்ததாகத் தெரிந்தபோது, நாடே அந்தப் படத்தைப் பகிர்ந்து கண்ணீர் விட்டது. 2019 ஜூலையில் திரெங்கானுவின் டுங்குன் பகுதியில், பட்டப்பகலில் கிராமத்துக்குள் பயமின்றி நடந்து வந்த ஓர் இளம் புலியை மக்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். ஆவாங் பெசுல் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அதன் பயமின்மைக்குக் காரணம் நோய். நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ் தாக்கி, பிடிபட்ட சில நாள்களில் அது இறந்தது. இரண்டு முறையும் நம் துயரம் உண்மையானது, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் அது தாங்கவில்லை. கண்ணியில் சாகும் புலிக்கோ காணொளியே கிடையாது.

தீர்வே இல்லை என்று எண்ண வேண்டாம். பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் ஜஹாய் பூர்வகுடியினர் சுற்றுக்காவல் குழுக்களாகச் சென்று கண்ணிகளைத் தேடி அகற்றுகிறார்கள். ஒடிந்த கிளையைப் பார்த்தே ஆள் நடமாட்டத்தை அறியும் அவர்களின் அறிவுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. அவர்கள் நடக்கத் தொடங்கிய பின் அங்கே புதிய கண்ணிகள் வெகுவாகக் குறைந்துள்ளன. பகாங்கில் 2023-இல் 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு அரச புலிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாநிலம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புலி இருந்து நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களும் உண்டு. சிலாங்கூரில் வசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: பகாங்கின் செமந்தான் ஆற்றுநீர் 44.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாக மலைத்தொடரைக் கடந்து உங்களை நோக்கி வருகிறது. புலிகள் உலவும் அந்த நடுமலைத்தொடரின் காடுகள்தான் இத்தகைய ஆறுகளுக்குத் தாய். இருந்தாலும் லாபக் கணக்கை வைத்து ஒரு விலங்கின் வாழ்வை நியாயப்படுத்துவதில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.

பேராக், பகாங், கிளந்தான், திரெங்கானு, ஜோகூர் ஆகிய மாநிலங்களில் வாக்குள்ள நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, சாக்கடையையும் சாலை விளக்கையும் பற்றிக் கேட்ட பிறகு, நம் மாநிலத்தின் நிரந்தரக் காப்புக் காட்டில் எத்தனை ஹெக்டர் லாடாங் ஹுத்தானாக மாறியிருக்கிறது என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். வரும் பதில்களை மாநில வாரியாக அடுத்த காணொளியில் வாசிக்கிறேன்.