பையில் இருக்கட்டும் இரண்டு லென்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

கேமரா வாங்கிய பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "சார், பையில் எந்த லென்ஸை வைத்துக்கொள்வது, எதை விற்றுவிடுவது?" நம் ஊர் வெயிலில் தாராசுரம் கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்தாலே தோள்பட்டை அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிடும். இரண்டு போதும் என்பேன். ஒன்று 50 மில்லிமீட்டர், இன்னொன்று தூரத்துக்கு. இந்த மில்லிமீட்டர் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும், படத்தில் வரும் அகலம் குறையும். சென்சார், அதாவது ஃபிலிமுக்குப் பதில் படத்தைப் பதியும் சில்லு, சிறியதாக உள்ள கேமரா என்றால் 50-க்குப் பதில் 35. இரண்டும் ஏறக்குறைய ஒரே பார்வையைத்தான் கொடுக்கும்.

ஏன் 50 என்பதற்கு, கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது யாஷிகா பெட்டிக் கேமரா. மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்களே, உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலும் அதில் எடுத்த சதுரப் படங்கள் இருக்கும். அதில் 80 மி.மீ. லென்ஸ், கழற்ற முடியாது. பெரிய ஃபிலிம் என்பதால் அந்த 80, இன்றைய 50-க்குப் பக்கத்தில் வரும். ஒரு சுருளுக்கு 12 படம். பன்னிரண்டே பன்னிரண்டு!

அந்த அண்ணன் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலமே பந்தலுக்கு வந்துவிடுவார். மணவறையிலிருந்து அடி வைத்துப் பின்னால் நடப்பார். தாலி கட்டும்போது இங்கே, ஆசீர்வாதத்துக்கு அங்கே, குடும்பப் படத்துக்கு வாசல் பக்கம் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்பார். நாகஸ்வரக்காரர்களிடம், "அண்ணே, நாளைக்கு ரெண்டடி தள்ளி உக்காந்துக்குங்க" என்று அப்போதே சொல்லி வைப்பார். மறுநாள் கெட்டிமேளம் கொட்டும்போது ஊரே முண்டியடிக்கும். அவர் கோட்டில் நின்றபடி ஒரே ஒரு தடவை அழுத்துவார். நான் சின்னப் பையனாக விளக்கு பிடித்துக்கொண்டு நிற்பேன். "மொதல்ல எங்க நிக்கிறதுன்னு பாரு தம்பி, பெட்டியை அப்புறம் தொறக்கலாம்" என்பார்.

அவர் செய்தது வெறும் பழக்கம் என்று நினைக்காதீர்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுகிறதே, அது லென்ஸால் வருவதில்லை, நாம் நிற்கும் தூரத்தால் வருவது. நாலடி பின்னால் போனால் அதே முகம் அமைந்துவிடும். தூரம்தான் உருவத்தை முடிவு செய்கிறது. எவ்வளவு அகலம் படத்துக்குள் வர வேண்டும் என்பதைத்தான் லென்ஸ் முடிவு செய்கிறது. திரும்பவும் சொல்கிறேன், உருவம் தூரத்தால், அகலம் லென்ஸால்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுமார் 216 அடி விமானம். அதன் காலடியில் நின்று அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் விமானம் முழுக்க வரும்தான், ஆனால் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். நந்தி மண்டபத்தையும் தாண்டிப் பின்னால் வந்து, கேமராவை அவ்வளவாகத் தூக்காமல் 50-இல் பாருங்கள். ராஜராஜன் எழுப்பியபடி நிமிர்ந்து நிற்கும். அகலமாகவே வேண்டும் என்ற சமயத்துக்குக் கைப்பேசி இருக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவே அகலப் பார்வைதான். அதற்கென்று தனி லென்ஸைச் சுமக்க வேண்டாம்.

50-ஐச் சொல்வதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55 வரை நீட்டினால் அதன் திறப்பு பெரும்பாலும் 5.6. விலை குறைந்த 50-இன் திறப்பு 1.8. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சுவாமிமலைப் பட்டறையின் அரையிருட்டில், உலோகத்தை உருக்கி ஊற்றும் ஸ்தபதியின் முகத்தை எடுக்க அந்தப் பத்து மடங்கு வேண்டும்.

என் பேச்சை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் எத்தனை மி.மீ.யில் எடுத்தோம் என்று கேமராவே குறித்து வைத்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பாருங்கள். எந்த எண் வரவே இல்லையோ, அந்த லென்ஸை விற்றுவிடலாம்.

இரண்டாவது லென்ஸ் கோடியக்கரைக்கு. பூநாரைகளும் வெளிமான்களும் நம்மைக் கிட்டே விடாது. அங்கே பின்னால் போகிற பேச்சே இல்லை. 70-300 போல ஒன்று போதும். காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் உப்பளத்துப் பக்கம் கானல் எழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் பறவை நெளிந்துதான் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. ஈரத்தால் லென்ஸுக்குள் பிடிக்கும் பூஞ்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸைப் பையிலேயே வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்துக்குள் மணிகள் நிறம் மாறினால் புதிது போடுங்கள். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், உள்ளே சிலந்தி நூல்போல் தெரிந்தால் வாங்க வேண்டாம். வணக்கம்.