வீட்டுக்குள் கருமரம்

நேயர்களுக்கு வணக்கம்.

புது வீட்டுக்கு உள்வேலை செய்யக் கிளம்புகிறவர்கள் இப்போது முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். நம் வேலூரின் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு பிளைவுட் கடைக்குள் போனால், கடைக்காரர் மாதிரித் துண்டுகளை ஒரு கட்டாக எடுத்து மேசையில் பரப்புகிறார். வால்நட், வெங்கே, ரோஸ்வுட், மஹோகனி, எபனி. அமெரிக்கக் காடும் காங்கோ காடும் அந்தக் கட்டுக்குள் இருக்கிற மாதிரித் தோன்றும். உள்ளே இருப்பது காகிதம். மரத்தின் வரிகளைப் படமெடுத்துக் காகிதத்தில் அச்சடித்து, மெலமைன் பிசினில் தோய்த்து, அடியில் பழுப்புக் காகிதங்களை அடுக்கிச் சூட்டில் அழுத்தினால் வருவதுதான் நம் ஆசாரிமார் மைக்கா என்று சொல்லும் லேமினேட். கனம் 1 மில்லிமீட்டர். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. எண்ணெயும் தண்ணீரும் தெறிக்கிற சமையலறை அலமாரிக்கு அது நல்ல பொருள். ஆனால் "வெங்கே போட்டிருக்கோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், போட்டிருப்பது வெங்கேயின் புகைப்படம் என்பது தெரிந்திருக்க வேண்டும். படத்துக்கும் மரத்துக்கும் வெளிச்சம் ஒரே மாதிரி படாது.

கருத்த மரம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் ஏறெடுத்துப் பாருங்கள். தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். விளக்குப் புகையும் எண்ணெயும் வயதும் சேர்ந்து அந்தத் தேக்கு இன்றைக்குக் கடையில் விற்கும் வால்நட்டைவிடக் கருப்பாக இருக்கும். கதவும் நிலையும் அப்படித்தான். தரை சிவப்பு ஆக்சைடு, இல்லாவிட்டால் கடப்பா கல். இவ்வளவு கருமை இருந்தும் அந்த வீடு இருட்டாகத் தெரியாது. காரணம், கூரை 12 அடி, 13 அடி உயரத்தில் இருந்தது. நடுவில் முற்றம் இருந்தது. சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்துக்கு எட்டுப் பங்கைத் திருப்பிக் கொடுக்கும். கருத்த மரம் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம். வாங்குகிற கடனைச் சுவர் அடைத்துக்கொண்டிருந்ததால் மரம் தாராளமாகக் கருப்பாக இருக்க முடிந்தது.

இன்றைய படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு. கூரை பத்தடிக்குள். ஒரே ஜன்னல், அதிலும் திரை. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் இருக்கிற பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் விடுகின்றன. மார்ச் முதல் ஜூன் வரை ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுவிடுகிறோம். அப்படிப்பட்ட அறையில் தரையிலிருந்து கூரை வரை வெங்கே நிறத்தில் துணி அலமாரி, எதிரில் அதே நிறத்தில் டிவி யூனிட், அதே நிறத்தில் கட்டில், போதாததற்கு ஃபால்ஸ் சீலிங்கிலும் ஒரு பட்டை. காலை பதினோரு மணிக்கு விளக்கு இல்லாமல் அங்கே ஒரு புடவையின் நிறம் தெரியாது. கேட்டலாக் படத்தில் இதே அறை அழகாக இருந்ததே என்பார்கள். அந்தப் படத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

என் கணக்கு இது: அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கருமரம் வேண்டாம். அந்த ஒரு பங்கும் கை படும் இடத்தில் இருக்கட்டும். வாசல் கதவு, பூஜையறையின் மணிக் கதவு, சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை, கட்டிலின் தலைமாட்டுப் பலகை. தலைக்குமேல் கருப்பு வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவரில் வெனீர், அதாவது மெல்லிதாகச் சீவிய மரத் தகடு, ஒட்டுவதையும் யோசித்துச் செய்யுங்கள். வெளியே கொளுத்துகிற சுவரில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். நேர் வெயில் படுகிற இடமென்றால் இன்னொரு சங்கதி. வால்நட் மரம் வெளிச்சம் பட்டால் நாளடைவில் வெளுக்கும். படாக் மரமோ வாங்கும்போது ரத்தச் சிவப்பு, பிறகு பழுப்பாகிவிடும். சுவரில் மாட்டிய படத்தை ஒருநாள் கழற்றினால் அடியில் வேறு நிறத்தில் ஒரு சதுரம் நிற்கும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பளிச்சென்ற வெள்ளை விளக்குதான் பிடிக்கிறது, 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த ஒளியில் பழுப்பு மரம் சாம்பல் பூசிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 3000 கெல்வின் போட்டுப் பாருங்கள். அதே பலகையில் செம்மை எழும். சமையலுக்கும் படிப்புக்கும் வெள்ளை இருக்கட்டும், மேசைக்கு மேலும் ஊஞ்சல் பக்கமும் மஞ்சள் போதும்.

இனி மரத்துக்கு வருகிறேன். நிஜ மரம்தான் வேண்டும், அதுவும் வெளிநாட்டுக் கருமரம் வேண்டும் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெங்கே, காங்கோ ஆற்றுப் படுகையில் வளர்வது. அழிந்துவரும் மரங்களில் ஒன்றாகிவிட்டது. ரோஸ்வுட் எனப்படும் நம் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஈட்டிக்காகத் தமிழ்நாட்டில் 1990களின் நடுவில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கடையில் ரோஸ்வுட் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வடக்கேயிருந்து வரும் சீஷம். அது ஈட்டிக்கு உறவு மரம், நல்ல மரமும்கூட, ஆனால் ஈட்டி விலை கொடுக்க வேண்டியதில்லை. கருங்காலி என்றால் இப்போது எல்லாருக்கும் மாலைதான் ஞாபகம் வருகிறது. அதில் எத்தனை மணி நிஜமாகவே கருங்காலி என்பதை விற்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்குமளவு கனமான மரம் அது.

செம்மரத்தில் ஒரு டீப்பாய் செய்யலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். வேண்டாம். செம்மரம் ஆந்திராவின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளில் மட்டுமே இயற்கையாக நிறைந்து வளர்வது. அதை வெட்டக் கூலிக்குப் போனவர்களில் ஜவ்வாது மலைக்காரர்கள் எத்தனையோ பேர். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பழைய வட ஆற்காட்டு ஊர்க்காரர்கள் அதில் பலர். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த டீப்பாயில் காபி குடிக்க முடியுமானால் அதற்குமேல் என்னிடம் பதிலில்லை.

நம் பக்கத்திலேயே கருத்த மரங்கள் இருக்கின்றன. சாலையோரத்தில் நெற்றுகள் கலகலவென்று சத்தம் போடுமே, வாகை. அதைக் கிழக்கிந்திய வால்நட் என்ற பெயரில்தான் வெள்ளைக்காரர்கள் ஏற்றுமதி வியாபாரத்தில் விற்றார்கள். வைரப் பகுதி, அதாவது அடிமரத்தின் கெட்டியான நடுப்பகுதி, நல்ல கரும்பழுப்பு, இடையிடையே இன்னும் கருத்த வரிகள். வெளிப்புற வெள்ளைப் பகுதியை மட்டும் கழித்துவிட வேண்டும், அது உளுத்துவிடும். பூவரசின் வைரம் சாக்லேட் நிறம், கரையானுக்கும் தாக்குப்பிடிக்கும். பெரிய பலகை கிடைக்காது, ஆனால் ஒரு முக்காலிக்கும் அலமாரிக் கைப்பிடிகளுக்கும் போதும். இரண்டுமே மரக்கடையில் தேக்குப் போல அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ரம்பப் பட்டறையில் சொல்லி வைத்து, கிடைத்ததும் அறுத்து, நிழலில் காற்றாடக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரமாக வேலைக்கு எடுத்தால் வேலூர் கோடையில் பலகை முறுக்கிக்கொள்ளும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பனை. பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது கூரையிலிருந்து இறங்கும் பனை வாரைகளைப் பார்த்திருப்பீர்கள். விறகுக் கணக்கில் போய்விடும். அதில் ஒன்றை வாங்கி இழைத்துப் பாருங்கள். பழுப்புத் தளத்தில் நெருக்கமாகக் கருப்புக் கோடுகள், எந்த வெங்கேக்கும் குறையாது. முற்றிய பனையின் வெளிவட்டம் இரும்பு மாதிரி; ஆசாரி முதலில் முணுமுணுப்பார், உளியைத் தீட்டித் தீட்டிக் கை வலிக்கிறது என்பார். நார் சிலும்புவதால் கையில் குத்தும், ஆகவே உப்புத்தாள் வேலை அதிகம். வாரை அகலம் குறைவானதால் மேசைப் பலகை வராது. ஜன்னல் பக்கத்துத் தடுப்புச் சட்டங்கள், மாடிப்படிக் கைப்பிடி, விளக்குச் சட்டம், இவற்றுக்கு அபாரமாக இருக்கும். நிற்கிற பனையை வெட்டச் சொல்லவில்லை, அதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். நான் சொல்வது ஏற்கனவே ஒரு தலைமுறைக்குக் கூரை தாங்கிய மரத்தை.

மரம் கருப்பாக இல்லையென்றால் கருப்பாக்கவும் வழி இருக்கிறது, அதுவும் சாயம் பூசாமல். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பட்டைச் சரக்கில் தோல் பதனிடுகிறவர்களைக் கேளுங்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய ஈரத்தோலில் இரும்பு பட்டால் கருப்புக் கறை விழும், தேய்த்தாலும் போகாது. அவர்களுக்கு அது தொல்லை. காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்களுக்கு அதுவே தொழில். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை காளஹஸ்தி நம் வட ஆற்காட்டில்தான் இருந்தது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீரால் எழுதினால் கோடு கருப்பாக எழும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், இரும்போடு சேர்ந்து கருமையாகிறது.

மரத்திலும் அதே கதைதான். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டுச் சில நாள் விடுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள், வாயு எழும்பும். வடிகட்டிய நீரைக் கருவேலம், வேங்கை போன்ற துவர்ப்பு மிகுந்த மரத்தில் தூரிகையால் தடவினால் கண் முன்னே சாம்பலாகி, பிறகு கருக்கும். துவர்ப்பு குறைந்த மரமென்றால் முதலில் கடுக்காய்க் கஷாயமோ கெட்டித் தேநீரோ தடவிக் காயவிட்டு அதன்மேல் இரும்பு நீர். பெயின்ட் அடித்தால் வரி மூடிக்கொள்ளும். இதில் வரி அப்படியே நிற்கும், மரத்துக்கு மரம் கருமையும் மாறும். ஆழம் கொஞ்சம்தான், ஆகவே தடவியபின் உப்புத்தாள் போடக் கூடாது. இழைப்பு வேலையெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரே பலகையில் வெளிப்பகுதியும் வைரமும் இருந்தால் இரண்டும் இரண்டு நிறமாக வரும். அதைக் குறை என்பவர்களும் உண்டு, எனக்கு அதுதான் அழகு. இந்தப் பலகையில் செய்த நாற்காலிக்கு ஆம்பூரின் பழுப்புத் தோலை இருக்கையாகப் போட்டால், வெளியூரிலிருந்து வரவழைக்க எதுவுமே மிச்சமில்லை.

மேல்பூச்சு விஷயத்தில் சண்டை வரும். அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் கருமரத்துக்குக் கொடுக்கிற ஆழத்தை வேறெதுவும் கொடுக்காது. ஆனால் சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு ஆகாது, அங்கே பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ்தான். பூஜைக் கதவுக்கும் தலைமாட்டுப் பலகைக்கும் அரக்கு. எதுவானாலும் பளபளப்பு வேண்டாம், மேட் போதும். பளபளக்கும் கருப்பில் நம் ஊர்த் தூசி ஒரே நாளில் தெரியும், விரல் ரேகை அடுத்த நிமிஷமே தெரியும். இன்னொன்று, போர் தண்ணீர். உப்பு மிகுந்த அந்தத் தண்ணீரில் துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் கருப்புப் பலகையில் வெள்ளைத் திட்டுகள் படியும். உலர்ந்த பருத்தித் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும்.

வேலையை ஒப்படைக்கும் முன் ஆசாரியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். வேலைக்கு எடுக்கப்போகும் அதே மரத்தில், அதே பூச்சோடு, இரண்டடிக்கு இரண்டடி ஒரு பலகை செய்து தரச் சொல்லுங்கள். உள்ளங்கை அகலத் துண்டு வேண்டாம், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பலகையைக் கடையில் பார்க்காதீர்கள். உங்கள் அறையில், அது நிற்கப்போகும் சுவரில், நட்டுக்குத்தாக நிறுத்திவைத்து, நண்பகலில் திரையை மூடிக்கொண்டு ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்; கண்புரை ஆரம்பித்தவர்களுக்குக் கருப்பு மேசையின் விளிம்பும் கருப்புத் தரையும் பிரிந்து தெரிவதில்லை. அப்படித் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால், தரை கடப்பா கல்லாக இருக்கும் பட்சத்தில், மேசைக்கு வாகையை விட்டுவிட்டு வேம்போ பலாவோ எடுங்கள்.

வணக்கம்.